கப்பல் கிளம்பிய நாளில் காய்ந்த துணி

அத்தியாயம் 4

"டீ உங்களைப் பார்த்துப் பயந்தே ஆறிடுச்சு பாஸ்," என்றான் டெஸ் ஸ்டாதர்ஸ். "ஒண்ணு குடிங்க, இல்ல அதுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பிரெண்டா சடபி இரண்டையும் செய்யவில்லை. ஏப்ரலில் கணவன் கென்னை அடக்கம் செய்த பிறகு அவளுக்கு டீயும் வெந்நீரும் ஒன்றுதான். அழுகை தானாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. பசியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வழக்குகள் மட்டும் வந்தன. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் தோண்டி எடுத்துப் பழகிய மூளை, மனசைக் கேட்காமலே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டெஸ் அவளுடைய டிரைவர், உதவியாளன், அணைக்க முடியாத வானொலி.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஹெஸ்ஸல் ரோட்டில் பழைய பெத்தெல் தேவாலயத்தின் மாடி. சுவர் முழுக்க அலமாரிகள். அலமாரி முழுக்க ஒளிநாடாக்கள், ஒலிநாடாக்கள், படச்சுருள் டப்பாக்கள். மீன்பிடித் துறைமுகத்து ஜனங்கள் தாங்களே எடுத்த படங்கள், தாங்களே பேசிய பேச்சுகள். ஒவ்வொரு டப்பாவிலும் யாரோ ஒருவருடைய கல்யாணமோ, வேலைநிறுத்தமோ, சித்தப்பாவின் பாட்டோ இருந்தது. கூரை ஒழுகும் இடங்களில் வாளிகள் இருந்தன.

எதிரே இந்த நாடாக் காப்பகத்தின் பொறுப்பாளன் ரூபர்ட் அஷ்லின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தெற்கே சர்ரே பக்கத்திலிருந்து இந்த ஹல் துறைமுக நகரத்துக்கு வந்தவன். வந்து வருஷங்கள் ஆகியும் தெருவில் அவனை 'அந்தப் புதுப் பையன்' என்றுதான் சொன்னார்கள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் பிரெண்டா.

"கட்டடத்தை வித்துட்டாங்க மிஸஸ் சடபி. மாசக் கடைசியில காலி பண்ணணும். புது இடம் பிடிக்கணும், நாடா எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தணும். பாதி நாடா இப்பவே பிசுபிசுன்னு ஒட்டுது. அதுக்குத்தான் நன்கொடை கேட்டோம். பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் வக்கீல் மூலமா வாக்குக் குடுத்தார். சனிக்கிழமை மதியம் வரைக்கும் ஊர் ஜனங்க எவ்வளவு போடறாங்களோ, அதே அளவு அவரும் போடுவார்னு."

"நீ ஒண்ணு போட்டா நான் ஒண்ணு," என்றான் டெஸ். "எங்கப்பா பப்ல இதையே சொல்வார். என்ன, அவர் போட்டது பணம் இல்ல."

ரூபர்ட் சிரிக்கவில்லை. "ஜனங்க அள்ளிக் குடுத்தாங்க. பென்ஷன்ல இருக்கறவங்க கூட. போன வெள்ளிக்கிழமை நன்றி சொல்ல ஒரு விழா வெச்சு நாலு பழைய படம் போட்டோம். திங்கட்கிழமை வக்கீல் போன் பண்றார். வாக்கு ரத்தாம். காரணம் கேட்டேன். 'அந்தப் படத்தை இன்னொரு தடவை போட என் பணம் உதவாது' அப்படின்னு மட்டும் சொல்லச் சொன்னாங்களாம்."

"எந்தப் படம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கூப்பிடறேன்? இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. அந்தப் பாதி வரலேன்னா புது இடம் கிடையாது. இதெல்லாம்..." அவன் அலமாரிகளைப் பார்த்துக் கையை விரித்தான். "குப்பை வண்டிக்குத்தான்."

பிரெண்டா ஆறிப்போன டீயை ஓரமாகத் தள்ளினாள். "விழாவுல யாராவது பாதியில எழுந்து போனாங்களா?"

"ஒரே ஒரு அம்மா. கடைசிப் படத்துல. அதுவும் படம் ஆரம்பிச்ச உடனே. திரையில இன்னும் ஒண்ணுமே நடக்கல, வெறும் தெருதான். போரடிச்சிருக்கும்னு நினைச்சேன்."

"நம்ம ஊர்க்காரங்களா?"

"இல்ல, ஹாரகேட், பணக்கார ஊர். மிஸஸ் கெல்லெட். வக்கீல்தான் கூட்டிட்டு வந்தார், தன்னோட கட்சிக்காரங்கன்னு. இந்தத் தெருவுக்கே முதல் தடவையா வரேன்னு சொன்னாங்க. நல்ல கோட்டு, முத்து மாலை."

"அந்தப் படத்தைப் போடுங்க."

ரூபர்ட் மடிக்கணினியைத் திறந்தான். "இது லினெட் கிளம்பின காலை. எழுபத்து மூணு ஜனவரி. எதிர் வீட்டு மாடியில குடியிருந்த ஒரு வாத்தியார், புதுசா வாங்கின கேமராவைச் சோதிச்சுப் பார்த்திருக்கார். சத்தம் கிடையாது."

லினெட். அந்தப் பெயருக்கு டெஸ்ஸே வாயை மூடிக்கொண்டான். நார்வேக்கு வடக்கே போய்த் திரும்பி வராத மீன்பிடிக் கப்பல். அதைப் பற்றி ஹெஸ்ஸல் ரோட்டில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திரையில் பனி படர்ந்த ஒரு சின்னச் சந்து. எதிரெதிரே குட்டி வீடுகள். ஆள் யாரும் இல்லை. சந்தின் குறுக்கே ஒரு கொடி. கொடியில் வரிசையாக வெள்ளைச் சதுரத் துணிகள், பச்சைக் குழந்தையின் இடுப்புத் துணிகள், உறைந்துபோய் அட்டை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

டெஸ் விசில் அடிக்க உதட்டைக் குவித்தவன், அடிக்காமல் விட்டுவிட்டான்.

"நிறுத்துங்க," என்றாள் பிரெண்டா. "அந்த அம்மா எழுந்தது எந்த இடத்துல?"

"இதே இடம்தான். இதுக்கப்புறம் ஆளுங்க வருவாங்க, டாக்ஸி வரும். அப்ப கூட்டத்துல ஒரே சலசலப்பு. கிழவிங்க எல்லாம் 'ஐயோ பாவம்'னாங்க. ஏன்னு எனக்குப் புரியல. இதுல என்ன இருக்கு? துணிதானே?"

"துணிதானேவா?" டெஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "கேட்டுக்க தம்பி. எங்க ரோட்டுல புருஷன் கப்பல் ஏறுற அன்னிக்குப் பொண்டாட்டி வீட்ல ஒரு கைக்குட்டைகூட நனைக்க மாட்டா. துவைச்சா, கடல் அவனைத் துவைச்சுட்டுப் போயிடும். வாசல்ல நின்னு கையாட்டக்கூடக் கூடாது. அலை அவனைக் கூப்பிட்டுக்கும். எங்கம்மா கடைசி வரைக்கும் யாருக்கும் கையாட்டினதே இல்ல. பஸ்ஸை நிறுத்தக்கூட முறைச்சுத்தான் பார்ப்பா."

"அப்போ இது கப்பல் கிளம்பின நாளே இல்லையா? படம் பொய்யா?" ரூபர்ட்டின் முகம் வெளுத்தது.

"அதைத்தான் நானும் சொல்றேன் பாஸ். வேற ஏதோ நாள்ல எடுத்தது. பேர் சொல்லாத ஆள் அந்தம்மாதான், பொய்க்குப் பணம் தர மாட்டேன்னு எழுந்துட்டா. கேஸ் முடிஞ்சது. சிப்ஸ் சாப்பிடப் போலாமா?"

"டெஸ், யோசி. படம் பொய்னு கண்டுபிடிச்சவ சத்தம் போடுவா. இல்ல உட்கார்ந்து மீதியையும் பார்த்துச் சிரிப்பா. வாய் திறக்காம வெளியே ஓட மாட்டா." பிரெண்டாவின் குரல் ரயில் நேரம் சொல்வது போல ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. "இன்னொண்ணு. சர்ரேக்காரர் இதைப் பார்த்தா துணின்னு சொல்றார். ஹாரகேட்காரியும் துணின்னுதான் சொல்லணும். முதல் தடவையா இந்தத் தெருவுக்கு வந்தவளுக்கு, ஆளே இல்லாத சந்துல தொங்கற துணியைப் பார்த்து எழுந்து போகக் காரணமே கிடையாது."

டெஸ் மெதுவாக எழுந்தான். "அவ ஹாரகேட்காரி இல்ல."

"நம்ம ரோட்டுக்காரி. அந்தக் கொடி யாரோடதுன்னும் அவளுக்குத் தெரியும்."

"ஒரு நிமிஷம். கெல்லெட்... கெல்லெட்..." டெஸ் தன் தொடையில் தட்டினான். "வெள்ளை வேன், பச்சை எழுத்து! கெல்லெட் சலவை! யார்க்ஷயர்ல பாதி ஓட்டலுக்குப் படுக்கை விரிப்பு துவைக்கறது அவங்கதான் பாஸ். ஊர் அழுக்கை எல்லாம் துவைக்கிற அம்மா, ஒரு கொடித் துணியைப் பார்த்து ஓடியிருக்கா."

பிரெண்டா மடிக்கணினியை மூடித் தன் பைக்குள் வைத்தாள். "இதை இரவல் வாங்கிக்கிறேன் ரூபர்ட்."

"மீதியைப் பார்க்க வேண்டாமா?"

"எனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு," என்றாள். கிடைக்கவில்லை என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்தது.

டெஸ்ஸின் கார் ஒரு காலத்தில் டாக்ஸி. மீட்டரைக் கழற்றிவிட்டான். பழக்கத்தைக் கழற்றவில்லை. வழியில் வாங்கிய சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே தன் மேவிஸ் அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டான்.

"அத்தே, லினெட் போன வருஷம் உங்க பக்கத்துச் சந்துல கைக்குழந்தை யார் வீட்ல இருந்துச்சு?"

"ஒரு 'எப்படி இருக்கே'கூடக் கிடையாதாடா?"

"எப்படி இருக்கீங்க அத்தே? கைக்குழந்தை யார் வீட்ல?"

"முட்டி வலிக்குது, கேட்டதுக்கு நன்றி. ஹார்னஸ் வீட்லதான் குழந்தை. எனிட் ஹார்னஸோட மருமக, ரோசின்னு ஒரு ஒல்லிப் பொண்ணு. பிரசவத்துக்கப்புறம் காய்ச்சல் வந்து படுத்த படுக்கையா கிடந்தா. பாவம், அவ புருஷன் காலின் அந்தக் கப்பல்ல போகவே வேண்டியவன் இல்ல. எவனோ ஒருத்தன் குடிச்சுட்டு வரலேன்னு கம்பெனி ஆளு வந்து கதவைத் தட்டி, கடைசி நிமிஷத்துல இழுத்துட்டுப் போனான். கண்ணு, நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டே இருக்கேன். ரோசி என்ன ஆனா?"

"அந்த வருஷமே குழந்தையோட ஊரை விட்டுப் போயிட்டா. மாமியாளும் மருமகளும் அதுக்கப்புறம் முகம் பார்த்துக்கல. ஏன்னு எனிட் சாகற வரைக்கும் சொல்லல. பக்கத்துல யாரு? அந்த வாய் திறக்காத அம்மாவா? அவளை ஏதாவது சாப்பிடச் சொல்லு."

டெஸ் போனை வைத்துவிட்டுப் பொட்டலத்தை நீட்டினான். பிரெண்டா ஒரே ஒரு சிப்ஸை எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஓடிய ஈர வயல்களைப் பார்த்தபடி வந்தாள். காரணம் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. மிஸஸ் கெல்லெட்தான் அந்த ரோசி. அன்றைக்கு அவள் துணி துவைத்தாள். கப்பல் போனது. ஐம்பது வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தது, வெள்ளிக்கிழமை சுவர் அளவுத் திரையில் வந்து ஆடியது. வழக்கு முடிந்த மாதிரிதான். திருப்தியும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஹாரகேட்டில் அந்த வீட்டுக் கதவை ரோஸ்மேரி கெல்லெட்டே திறந்தாள். எழுபதைத் தாண்டியவள். நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட சட்டை, முகத்திலும் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு சுருக்கமில்லாத அமைதி.

"நன்கொடை விஷயமா இருந்தா, என் வக்கீல்கிட்ட பேசுங்க."

"லினெட் விஷயமா வந்திருக்கோம், மிஸஸ் ஹார்னஸ்," என்றாள் பிரெண்டா.

கதவு மூடவில்லை. திறக்கவும் இல்லை. பிறகு ரோஸ்மேரி திரும்பி உள்ளே நடந்தாள். அவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

சமையலறை மேஜையில் உப்பு, மிளகுக்குப் பக்கத்தில் ஹல் கடைகளில் சிப்ஸுக்குத் தூவும் சிவப்பு மசாலா டப்பா இருந்தது. டெஸ் அதைப் பார்த்துவிட்டு பிரெண்டாவின் காதருகே, "ஹாரகேட்ல இதைக் கண்டா போலீசைக் கூப்பிடுவாங்க பாஸ்," என்றான்.

"காதுல விழுது," என்றாள் ரோஸ்மேரி. முதல் தடவையாக அவள் பேச்சில் ஹெஸ்ஸல் ரோடு எட்டிப் பார்த்தது. "உட்காருங்க. என்ன வேணும் உங்களுக்கு? நான்தான் துவைச்சேன்னு எழுதி வாங்கிட்டுப் போகணுமா?"

"எதுவும் எழுதித் தர வேண்டாம். ஏன் பணம் குடுக்க முன்வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ரோஸ்மேரி மேஜை விரிப்பின் ஓரத்தை நீவி விட்டாள். "காலின் குரல் அங்க ஏதாவது ஒரு நாடாவுல இருக்குமோன்னு. பப்ல பாடுவான். யாராவது எடுத்து வெச்சிருக்கலாம் இல்லையா? அவன் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மறந்து போச்சு. என் பொண்ணு அதைக் கேட்டதே இல்ல."

"துணியைப் பத்தி?"

"நான் துவைச்சது எனக்கு ஞாபகம் இல்ல." அவள் குரலில் ஒன்றுமே இல்லை. "காய்ச்சல். வாளியில ஊற வெச்சது ஞாபகம் இருக்கு, அதோட சரி. கப்பலைக் காணோம்னு சேதி வந்த அன்னிக்கு எனிட் என் கட்டில் பக்கத்துல வந்து நின்னா. 'அன்னிக்குக் கொடியில துணி காய்ஞ்சுது. நீதான்டி அவனைத் துவைச்சு அனுப்பினே'ன்னா. வேற ஒரு வார்த்தை பேசல. நான் இல்லேன்னு சொல்லல. எனக்கே தெரியாதே. ஆனா மனசோட ஒரு மூலையில, துக்கத்துல அவ கனவு கண்டிருப்பா, கொடியே இருந்திருக்காதுன்னு ஒரு நினைப்பு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை அதுவும் போச்சு. கொடி இருந்துச்சு. துணி இருந்துச்சு."

ஆறுதல் வார்த்தைகளைப் பிரெண்டா ஏப்ரலில் நிறையக் கேட்டிருந்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

"அந்தப் படத்தை எடுத்துடச் சொல்றேன். மீதி நாடாக்களையாவது..."

"என்னால முடியாதும்மா. அந்தக் கொடிக்குக் கூரை போட்டுக் குடுக்க என்னால முடியாது."

பிரெண்டா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். வழக்கின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பலன் பூஜ்யம். ரூபர்ட்டிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதான்.

"பாஸ்," என்றான் டெஸ். அவன் பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்து மேஜை மேல் திறந்து வைத்திருந்தான். "கிழவிங்க எல்லாம் 'ஐயோ பாவம்'னாங்கன்னு அந்த சர்ரே பையன் சொன்னானே. யாருக்குப் பாவம்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ரோஸ்மேரி எழுந்து போன அதே இடத்தில் தானும் படத்தை நிறுத்திவிட்டது பிரெண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஷூரன்ஸ் காலத்தில் இப்படி ஒரு தவறைப் புதிதாகச் சேர்ந்தவன் செய்திருந்தால்கூட விட்டிருக்க மாட்டாள்.

"வேண்டாம்," என்றாள் ரோஸ்மேரி.

"துணி தானா நடந்து போய்க் கொடியில ஏறாதும்மா," என்றான் டெஸ். கேலி இல்லாமல் சொன்னான். "யார் ஏத்தினாங்கன்னு பார்த்துடலாம்."

அவன் அழுத்தினான்.

பனிச் சந்து. ஆடும் துணிகள். பிறகு கொடியின் கடைசியில், ஒரு துணிக்குப் பின்னாலிருந்து, தலையில் கட்டம் போட்ட துணி கட்டிய பருத்த பெண் ஒருத்தி வெளியே வந்தாள். வாயில் மரக் கிளிப்புகளைக் கவ்வியிருந்தாள். இடுப்பில் வாளி. கடைசித் துணியை உதறி மாட்டினாள்.

"எனிட்," என்றாள் ரோஸ்மேரி.

திரையில் எனிட் அவசரம் இல்லாமல் வேலை செய்தாள். காய்ச்சலில் கிடக்கும் மருமகளுக்காக விடியலில் எழுந்து பேரக்குழந்தையின் துணிகளைக் காயப் போடும் பெண் எப்படிச் செய்வாளோ அப்படி. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கப்பல் ஏறப்போவதில்லை. துவைக்கக் கூடாத நாளாக அது இன்னும் ஆகியிருக்கவில்லை.

அப்போது சந்துமுனையில் தொப்பி போட்ட கம்பெனி ஆள் ஓடி வந்தான். அவளைத் தாண்டிப் போய் ஹார்னஸ் வீட்டுக் கதவைத் தட்டினான். பின்னால் ஒரு டாக்ஸி வந்து நின்றது. கதவு திறந்தது. கம்பளிச் சட்டையைத் தலைவழியாக இழுத்துக்கொண்டே ஒரு இளைஞன், தோளில் பையுடன் வெளியே வந்தான். சிரித்தான். அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டான். அவள் வாயில் கிளிப்புகள் இருந்ததால் பதிலுக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. டாக்ஸி போய்விட்டது.

எனிட் நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கொடியைப் பார்த்தாள்.

வாயிலிருந்த கிளிப்புகள் தரையில் சிதறின. அவள் துணிகளைப் பிடித்து இழுத்தாள். கழற்றவில்லை, பிய்த்தாள். உறைந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, வராத துணிகளுக்காகக் கொடியையே சேர்த்து இழுத்து, கடைசியில் பனியில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கேமரா பதறி மேலே போனது. மாடி ஜன்னலில், கண்ணாடிக்குப் பின்னால், இரவு உடையில் ஒரு ஒல்லிப் பெண். கையில் குழந்தை. அவள் கீழே நடந்ததைப் பார்க்கவில்லை. டாக்ஸி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையாட்டவில்லை.

படம் வெள்ளையாகி நின்றது.

டெஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு மசாலா டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தான்.

"மறுபடி போடுங்க," என்றாள் ரோஸ்மேரி.

மறுபடி போட்டார்கள். அதற்கப்புறம் இன்னொரு தடவை. ரோஸ்மேரியின் முகம் மாறவே இல்லை. காலின் சிரிக்கும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தோணலையே," என்றாள் கடைசியில். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பது போல பிரெண்டாவைப் பார்த்தாள். "அழணும் இல்லையா இப்போ? இல்ல கோபமாவது வரணும்."

"வரணும்னு சட்டம் இல்ல. எனக்கும் இன்னும் வரல."

"யாரு?"

"புருஷன். ஏப்ரல்ல."

ரோஸ்மேரி தலையசைத்தாள். வருத்தம் தெரிவிக்கவில்லை. பிரெண்டாவுக்கு அது பிடித்திருந்தது.

"பெத்தவ," என்றாள் ரோஸ்மேரி திரையைப் பார்த்து. "அந்தப் பழி தன் மேல இருந்தா அவ அன்னிக்கு ராத்திரியே செத்திருப்பா. அதனால என் மேல வெச்சுட்டா. கேட்டிருந்தா நானே வாங்கிச் சுமந்திருப்பேன், எனக்கு வயசு இருந்துச்சு. கேக்காம வெச்சுட்டா, அதுதான்." பிறகு, "என் துணியைக் காயப் போடத்தானே எழுந்திருக்கா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் எழுந்து போய்ச் சுவரோரத் தொலைபேசியில் வக்கீலைக் கூப்பிட்டாள். வியாபாரக் குரலில் பேசினாள். "நான் திங்கட்கிழமை சொன்னதை விட்டுடுங்க. முன்னாடி சொன்னபடிதான். சனிக்கிழமை மதியம் வரைக்கும் யார் எவ்வளவு போட்டாலும் நானும் அதே. எந்தப் படத்தையும் வெட்டக் கூடாது. இல்ல, பேரை மறைக்க வேண்டாம். ரோசி ஹார்னஸ்னு போடுங்க. ஹார்னஸ். ஆமா, அதுவும் என் பேருதான்."

அவள் போனை வைத்தபோது டெஸ் தன் செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே?" என்றாள் பிரெண்டா.

"அஞ்சு பவுண்டு போட்டேன் பாஸ். இவங்க அஞ்சு போடணும் இப்போ. பணக்கார அம்மாவுக்குச் செலவு வைக்கிற சந்தோஷம் தினமுமா கிடைக்கும்?"

ரோஸ்மேரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "கஞ்சன். பத்தாவது போடு."

வாசலில் குளிர்ந்த மழை தூறிக்கொண்டிருந்தது. பிரெண்டா காரில் ஏறியதும் வரும்போது தின்னாமல் கதவுப் பையில் போட்டிருந்த ஆறிப்போன சிப்ஸை எடுத்து வாயில் போட்டாள். உப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் உப்பு தெரிந்தது.

டெஸ் கண்ணாடியை இறக்கினான். வாசற்படியில் ரோசி ஹார்னஸ் நின்றுகொண்டிருந்தாள். கார் நகர்ந்தபோது அவள் வலது கை தோள்வரை எழுந்தது. பாதியில் நின்றது. அவள் அதை இடது கையால் பிடித்துக் கீழே இறக்கி, அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டாள்.

டெஸ் ஹாரன் அடிக்கவில்லை. பிரெண்டாவும் திரும்பிப் பார்க்கவில்லை. கார் திருப்பத்தில் மறையும்வரை அவர்கள் மூன்று பேரில் யாரும் கையாட்டவில்லை.